ஒரு செட் 34,000 ரூபாய்; கணக்கு ஏன் 8,000 கோடியில் போய் நிற்கிறது?

கேள்வி: கல்லூரிப் பட்டிமன்றத்தில் "ஒரே நாடு ஒரே தேர்தல் செலவைக் குறைக்கும்" என்ற அணியில் பேசுகிறேன். வாக்குப்பதிவு இயந்திரச் செலவைத் தேடியபோது ஓரிடத்தில் 10,000 கோடி என்றும், ஒரே நேரத் தேர்தலை ஆராய்ந்த ராம்நாத் கோவிந்த் குழு அறிக்கையை ஒட்டிய செய்தியில் 7,951 கோடி என்றும் இருந்தது. நானே கணக்குப் போட்டேன். ஒரு செட் 33,700 ரூபாய், வாக்குச்சாவடி 11.8 லட்சம், பெருக்கினால் 3,977 கோடி. நாடாளுமன்றத்துக்கு ஒன்று, சட்டமன்றத்துக்கு ஒன்று என இரட்டித்தால் 7,953 கோடி. அறிக்கையின் எண்ணோடு பொருந்திவிட்டது. மேடையில் இப்படியே விளக்கலாமா? எதிரணி "பழைய வாக்குச்சீட்டே மலிவு" என்றால் என்ன பதில் சொல்வது?

பதில்: விளக்க வேண்டாம். இரண்டு கோடி வித்தியாசத்தில் பொருந்தியது தற்செயல். உங்கள் கணக்கில் ஒரு உதிரி இயந்திரம்கூட இல்லை, அரசிடம் ஏற்கெனவே இருக்கும் இயந்திரங்களையும் கழிக்கவில்லை, வரியும் இல்லை. இந்த மூன்று விடுதலும் ஒன்றையொன்று ஈடுகட்டியதால் விடை சரிபோலத் தெரிகிறது. எதிரணியில் ஒருவர் "உதிரி எத்தனை சதவீதம் வைத்தீர்கள்?" என்று கேட்டால் அங்கேயே மாட்டிக்கொள்வீர்கள்.

முதலில் விலை. ஒரு செட் என்பது மூன்று பெட்டி. வாக்காளர் பொத்தானை அழுத்தும் பேலட் யூனிட், வாக்குச்சாவடி அலுவலரின் மேசையில் இருக்கும் கன்ட்ரோல் யூனிட், யாருக்கு வாக்கு விழுந்தது என்று சீட்டு அச்சடித்து 7 வினாடி காட்டும் விவிபேட். தேர்தல் ஆணையம் 2023 தொடக்கத்தில் சட்ட அமைச்சகத்துக்குக் கொடுத்த உத்தேச விலை முறையே 7,900, 9,800, 16,000 ரூபாய். உங்கள் 33,700 இங்கிருந்துதான் வருகிறது. மூன்றில் விலை அதிகமானதும் அதிகம் மக்கர் பண்ணுவதும் விவிபேட்தான். மற்ற இரண்டும் சுற்றுப்பலகை, பொத்தான், விளக்கு, அவ்வளவே. விவிபேட்டுக்குள் அச்சிடும் தலை, காகிதச்சுருள், வெட்டும் கத்தி, சீட்டு விழுந்ததா என்று பார்க்கும் சென்சார் எல்லாம் உண்டு. அசையும் பாகம் இருந்தால் பழுதும் வரும். 2017இல் மத்திய அமைச்சரவை 16.15 லட்சம் விவிபேட் வாங்க 3,173.47 கோடி ரூபாய் அனுமதித்தது. அப்போது ஒன்று 19,650 ரூபாய்க்கு வந்தது. இதை எடுத்துவிட்டால் மலிவாகுமே என்று யாராவது கேட்டால், காகிதத் தடம் கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2013 அக்டோபரிலேயே சொல்லிவிட்டது, அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

அடுத்தது, கணக்கைப் புரட்டிப் போடும் விஷயம்: சாவடிக்கு எத்தனை. ஒரே நேரத்தில் தேர்தல் என்றால் சாவடிக்கு இரண்டு செட், 11.8 லட்சம் சாவடிக்கு 23.6 லட்சம் செட். ஆனால் ஆணையம் கேட்டது பேலட் யூனிட் 46,75,100, கன்ட்ரோல் யூனிட் 33,63,300, விவிபேட் 36,62,600. வகுத்துப் பாருங்கள். ஒரு செட்டுக்குக் கன்ட்ரோல் யூனிட் 1.4, விவிபேட் 1.55, பேலட் யூனிட் கிட்டத்தட்ட 2. இது ஊதாரித்தனம் என்று நினைத்தால், வாக்குப்பதிவு நாளில் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

பேலட் யூனிட் ஒன்றில் 16 பெயர்தான் அடங்கும், நோட்டாவும் அதில் சேர்த்தி. வேட்பாளர் 15 பேரைத் தாண்டினால் இரண்டாவது பெட்டியை இணைக்க வேண்டும். 2024இல் கரூர் தொகுதியில் 54 பேர் களத்தில் இருந்தார்கள். நோட்டாவோடு 55, ஆகவே ஒவ்வொரு சாவடியிலும் நான்கு பேலட் யூனிட். 2019இல் தெலங்கானாவின் நிஜாமாபாத்தில் விவசாயிகள் எதிர்ப்பைக் காட்ட வரிசையாக மனுப்போட்டதில் 185 வேட்பாளர். சாவடிக்கு 12 பேலட் யூனிட் வைக்க வேண்டியதாயிற்று. எந்தத் தொகுதியில் எத்தனை பேர் நிற்பார்கள் என்பது மனுவைத் திரும்பப் பெறும் கடைசி நாள் மாலைதான் தெரியும். அதற்குப் பிறகு தொழிற்சாலைக்கு ஆர்டர் கொடுத்துப் பயனில்லை, கையிருப்பு இருந்தாக வேண்டும்.

பழுது விதி அடுத்த காரணம். காலையில் மாதிரி வாக்குப்பதிவின்போது எந்தப் பெட்டி கெட்டதோ அதை மட்டும் மாற்றினால் போதும். உண்மையான வாக்குப்பதிவு தொடங்கிவிட்டால் விதி மாறுகிறது. விவிபேட் மட்டும் கெட்டால் விவிபேட்டை மட்டும் மாற்றலாம். பேலட் யூனிட்டோ கன்ட்ரோல் யூனிட்டோ கெட்டால் மூன்றையுமே மாற்ற வேண்டும். பழைய கன்ட்ரோல் யூனிட்டில் அதுவரை விழுந்த வாக்குகள் இருப்பதால் அதுவும் சீல் வைத்து எண்ணும் இடத்துக்குப் போகிறது. ஒரு பொத்தான் ஒட்டிக்கொண்டதற்கு ஒரு முழு செட் செலவு. மண்டல அலுவலர்கள் ஜீப்பில் உதிரி செட்டோடு சுற்றிக்கொண்டே இருப்பது இதனால்தான். இரண்டு தேர்தல் ஒன்றாக நடந்தால் அந்த ஜீப்பில் இரண்டு மடங்கு ஏற வேண்டும்.

விவிபேட் பழுதெல்லாம் இயந்திரத்தின் குற்றமாக இருக்காது. பின்பக்கத்தில் ஒரு குமிழ் உண்டு. கிடைமட்டமாக இருந்தால் காகிதச்சுருள் பூட்டிய நிலை, வண்டியில் ஏற்றுவதற்கு. செங்குத்தாகத் திருப்பினால்தான் அச்சடிக்கும். திருப்ப மறந்தால் பிழை காட்டும். கன்ட்ரோல் யூனிட்டை அணைக்காமல் கேபிளைப் பிடுங்கிச் செருகினாலும் பிழைதான். ஜன்னல் வெளிச்சமோ குண்டுபல்பு வெளிச்சமோ நேராக விவிபேட் மேல் பட்டால் சென்சார் குழம்பும். 2018இல் உத்தரப்பிரதேசத்தின் கைரானா இடைத்தேர்தலில் இப்படித்தான் ஏராளமான இயந்திரங்களை மாற்ற நேர்ந்தது. மேசையை இரண்டடி தள்ளிப் போட்டிருந்தால் 16,000 ரூபாய்ப் பெட்டியை மாற்ற வேண்டியிருக்காது. பயிற்சிக்கு ஒதுக்கும் பணத்தைக் குறைத்தால் உதிரிக்கு ஒதுக்கும் பணம் ஏறும். பட்ஜெட் போடுபவர்கள் இந்த இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்ப்பது அபூர்வம்.

பயிற்சிக்கும் விழிப்புணர்வுக்கும் தனியாக மஞ்சள் ஒட்டியோடு ஒரு பங்கு இயந்திரம் போய்விடும். முடிவு அறிவித்த பிறகு 45 நாள் எதையும் தொடக்கூடாது, தேர்தல் வழக்குக்கான அவகாசம் அது. வழக்குப் போட்டுவிட்டால் அந்தத் தொகுதி இயந்திரங்கள் தீர்ப்பு வரும்வரை, சில நேரம் வருடக்கணக்கில், பாதுகாப்பு அறையிலேயே கிடக்கும்.

இனி 7,951 கோடிக்கு வருவோம். அது 2029ஆம் ஆண்டுக்கான கணக்கு. சாவடி எண்ணிக்கை 15 சதவீதம் கூடி 13.57 லட்சமாகும் என்று வைத்து, தேவைப்படும் மொத்தத்திலிருந்து கையிருப்பைக் கழித்திருக்கிறார்கள். கணக்குப் போட்டபோது கையில் இருந்தவை 30.84 லட்சம் பேலட் யூனிட், 22.07 லட்சம் கன்ட்ரோல் யூனிட், 23.85 லட்சம் விவிபேட். இயந்திரத்தின் ஆயுள் 15 ஆண்டு. அதன்படி 2029க்குள் சுமார் 3.5 லட்சம் பேலட் யூனிட்டும் 1.25 லட்சம் கன்ட்ரோல் யூனிட்டும் ஓய்வு பெற்றுவிடும். ஆகப் பற்றாக்குறை 26.55 லட்சம் பேலட், 17.78 லட்சம் கன்ட்ரோல், 17.79 லட்சம் விவிபேட்.

காகிதத்தில் போட்டுப் பாருங்கள். பேலட் யூனிட்டுக்கு 2,097 கோடி, கன்ட்ரோல் யூனிட்டுக்கு 1,742 கோடி, விவிபேட்டுக்கு 2,846 கோடி. கூட்டினால் சுமார் 6,686 கோடி. 18 சதவீத வரி சேர்த்தால் 7,890 கோடியை நெருங்கும். அறிக்கையின் எண்ணுக்கு இன்னும் 60 கோடிதான் பாக்கி. இவ்வளவு பெரிய கொள்முதலில் அது பொருட்படுத்த வேண்டிய இடைவெளி அல்ல. மேடையில் காட்டவேண்டிய கணக்கு இதுதான்.

10,000 கோடி என்பது வேறு கேள்விக்கு விடை. ஒரே நேரத்தில் தேர்தல் நடத்தினால் 15 ஆண்டுக்கு ஒருமுறை புது இயந்திரங்களுக்கு உத்தேசமாக இவ்வளவு தேவைப்படும் என்று ஆணையம் சொன்னது. ஒன்று 2029க்கான பற்றாக்குறை, மற்றது ஆயுட்சுற்றுக்கான தொகை. இரண்டையும் அருகருகே வைத்து "2,000 கோடி எங்கே போயிற்று?" என்று யாராவது கேட்டால் கேள்வியே தவறு.

13.57 லட்சம் என்ற சாவடிக் கணக்கிலும் ஒரு ஓட்டை உண்டு. சாவடிக்கு அதிகபட்சம் 1,500 வாக்காளர் என்றிருந்த வரம்பை ஆணையம் 2025இல் 1,200 ஆக்கிவிட்டது. வரிசை குறையும், நல்லதுதான். ஆனால் சாவடி கூடும். ஒவ்வொரு புதுச் சாவடிக்கும் இரண்டு செட், அதற்கான உதிரி. குழுவின் அறிக்கை வந்தது 2024 மார்ச்சில். இந்த மாற்றம் அதில் இருக்க வாய்ப்பில்லை.

இப்போது உங்கள் அணிக்குப் பிடிக்காத பகுதி. இன்று ஒரு இயந்திரம் 15 ஆண்டில் மூன்று மக்களவைத் தேர்தலுக்கும் மூன்று சட்டமன்றத் தேர்தலுக்கும் உழைக்கிறது, ஆறு முறை. ஒரு மாநிலத்தில் தேர்தல் இல்லாதபோது அங்கிருக்கும் இயந்திரம் லாரியேறி இன்னொரு மாநிலத்துக்குப் போகிறது. எல்லாத் தேர்தலும் ஒரே நேரத்தில் வந்தால் அதே இயந்திரத்துக்கு மூன்றே முறைதான் வேலை. மீதி நாளெல்லாம் கிடங்கில் தூக்கம், கடன் கொடுக்கவும் ஆளில்லை, வாங்கவும் ஆளில்லை.

இதையும் ரூபாயில் பார்த்துவிடலாம். இது 2023 விலையில், 18 சதவீத வரியோடு நான் போடும் கணக்கு. ஆணையத்தின் கணக்கு அல்ல. மேலே சொன்ன கையிருப்பை இன்று புதிதாக வாங்கினால் சுமார் 9,930 கோடி. ஆறு தேர்தலுக்குப் பிரித்தால் தேர்தலுக்கு 1,655 கோடி; 97 கோடி வாக்காளருக்கு வகுத்தால் ஒரு வாக்காளருக்கு 17 ரூபாய். ஒரே நேரத் தேர்தலுக்கு ஆணையம் 2023இல் கேட்ட முழு எண்ணிக்கையை வாங்கினால் வரியோடு சுமார் 15,160 கோடி. மூன்று சுற்றுக்குப் பிரித்தால் சுற்றுக்கு 5,054 கோடி. வாக்காளருக்கு 52 ரூபாய், இரண்டு வாக்கு போடுவதால் வாக்குக்கு 26. ஐந்தாண்டுக்கு ஒருமுறை இயந்திர வகையில் மட்டும் ஏறத்தாழ 1,750 கோடி கூடுதல்.

ஆகவே "இயந்திரச் செலவு குறையும்" என்று மட்டும் சொல்லாதீர்கள். கூடும் என்று நீங்களே முதலில் ஒப்புக்கொண்டு, இந்த 1,750 கோடியை வேறு எங்கே மிச்சப்படுத்த முடியும் என்று பேசுங்கள். வாக்குச்சாவடி அலுவலர்களின் படி, துணை ராணுவப் படைகளின் பயணம், வண்டி வாடகை, வாக்காளர் பட்டியல் அச்சு எல்லாம் இரண்டு முறை ஆகும் இடத்தில் ஒரு முறை ஆகும். உங்கள் அணியின் பலம் அங்கேதான். இன்னொன்று, யார் பையிலிருந்து போகிறது என்பது. இயந்திரம் வாங்கும் பணம் மத்திய அரசுடையது. நடத்தும் செலவில் மக்களவைக்கு மத்திய அரசு, சட்டமன்றத்துக்கு மாநில அரசு, இரண்டும் சேர்ந்து நடந்தால் பாதிப் பாதி. மாநிலத்துக்கு மிச்சமாவதும் மத்திய அரசுக்கு மிச்சமாவதும் ஒன்றல்ல, எதைச் சொல்கிறீர்கள் என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

வாங்கிய பிறகு ஆகும் செலவை யாரும் தலைப்புச் செய்தியில் போடுவதில்லை. ஒவ்வொரு தேர்தலுக்கும் முன், இயந்திரம் தயாரிக்கும் பாரத் எலக்ட்ரானிக்ஸ் (பெல்), எலக்ட்ரானிக்ஸ் கார்ப்பரேஷன் (இசிஐஎல்) பொறியாளர்கள் வந்து கட்சிக்காரர்கள் முன்னிலையில் முதல்நிலை சரிபார்ப்பு செய்ய வேண்டும். 5 சதவீத இயந்திரங்களில் பெரிய அளவில் மாதிரி வாக்குப்பதிவு: 1 சதவீதத்தில் 1,200 வாக்கு, 2 சதவீதத்தில் 1,000, இன்னொரு 2 சதவீதத்தில் 500. ஆள் உட்கார்ந்து பொத்தானை அழுத்தித்தான் ஆக வேண்டும், நாள்கணக்கில் வேலை. சாவடி மின்சாரத்தை நம்பாமல் எல்லாம் பேட்டரியில் ஓடுவதால் கன்ட்ரோல் யூனிட்டுக்கும் விவிபேட்டுக்கும் பவர் பேக், விவிபேட்டுக்கு வெப்பக் காகிதச்சுருள், நாசிக் அச்சகத்தின் சீல் காகிதம், பேலட் யூனிட்டில் ஒட்டும் வேட்பாளர் பட்டியல். பிறகு கிடங்கு. இரட்டைப் பூட்டு, கேமரா, ஆயுதக் காவல், ஆண்டுக்கொரு கணக்கெடுப்பு. எண்ணிக்கை ஏறத்தாழ முக்கால் பங்கு கூடினால் இப்போதுள்ள கிடங்குகள் போதாது. மாவட்டந்தோறும் கட்டிடம் எழுப்ப வேண்டும். 7,951 கோடியில் கட்டிடம் இல்லை.

பணம் இருந்தாலும் பொருள் உடனே வராது. நாட்டில் இதைச் செய்வது பெங்களூரு பெல், ஹைதராபாத் இசிஐஎல் என்ற இரண்டே பொதுத்துறை நிறுவனங்கள். உற்பத்தி, கிடங்கு எல்லாவற்றையும் பார்த்துத்தான் 2029க்கு முன் சாத்தியமில்லை என்று ஆணையம் சொன்னது.

வாக்குச்சீட்டு மலிவா? அச்சுச் செலவை மட்டும் பார்த்தால் மலிவுதான், மறுக்க வேண்டாம். வாக்குக்கு 17 ரூபாய் என்பது ஒரு துண்டுக் காகிதத்தின் விலையைவிடக் கூடுதல். ஆனால் சீட்டுக்கு வேறு இடத்தில் செலவு வரும். தொகுதிக்கொரு அச்சு, அதற்குப் போலீஸ் காவல், பெரிய பெட்டிகள், முப்பது நாற்பது மணி நேரம் நீளும் எண்ணிக்கை, அதற்கு மூன்று ஷிப்ட் ஆட்கள், செல்லாத வாக்கு குறித்த சண்டை. இயந்திரத்தில் செல்லாத வாக்கே கிடையாது. இதற்கு ரூபாய் மதிப்புப் போட முடியாது. எனவே "எது மலிவு" என்ற கேள்வியை ஏற்காமல் "எதைக் கொடுத்து எதை வாங்குகிறோம்" என்று திருப்புங்கள். 1982இல் கேரளத்தின் பரவூரில் 50 சாவடியில் தொடங்கி, 2001இல் தமிழ்நாட்டுச் சட்டமன்றத் தேர்தல் முழுவதும், 2004இல் நாடு முழுவதும் என்று இருபது ஆண்டு எடுத்துக்கொண்டுதான் இந்தியா மாறியது. செலவு பரவிப்போனதால் சுமை தெரியவில்லை.

அவசரப்பட்டவர்கள் கதையும் உண்டு. அயர்லாந்து சுமார் 7,500 இயந்திரங்களுக்கு 5 கோடி யூரோவுக்கு மேல் கொட்டி, நம்பகத்தன்மைக் கேள்வி எழுந்ததால் நாடு முழுவதும் ஒருமுறைகூடப் பயன்படுத்தாமல், 2012இல் சுமார் 70,000 யூரோவுக்குப் பழைய இரும்பாக விற்றது. வங்கதேசம் 2018இல் ஒன்றரை லட்சம் இயந்திரங்களுக்கு 3,825 கோடி டாக்கா திட்டம் போட்டது; பத்திரமாக வைக்கும் இடத்துக்குப் பணம் ஒதுக்கவில்லை. ஐந்தாண்டுக்குள் பெரும்பகுதி பழுது. சரிசெய்ய 1,260 கோடி டாக்கா கேட்டும் கிடைக்காமல் 2024 தேர்தலை வாக்குச்சீட்டில் நடத்தினார்கள். கிடங்கைப் பற்றி எதிரணி கேட்டால் இது ஒன்று போதும்.

கடைசியாக, உள்ளாட்சித் தேர்தலை இந்தக் கணக்கில் இழுக்காதீர்கள். குழு அதை இரண்டாம் கட்டமாக, 100 நாளுக்குள் என்று வைத்திருந்தாலும் அதை நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையங்கள். இயந்திரத்துக்கும் அவர்கள்தான் வழி தேட வேண்டும். தமிழ்நாட்டின் ஊரகப் பகுதியில் ஒருவர் நான்கு வாக்கு போடுகிறார். 2019இலும் 2021இலும் அது சீட்டில்தான் நடந்தது. யாராவது கேட்டால் "7,951 கோடியில் அது இல்லை" என்று ஒரு வரியில் முடித்துவிட்டு, உங்கள் அட்டையில் அடுத்த குறிப்புக்குப் போங்கள்.